லாமும் கூடாதும்

மீன்தொட்டி வளர்க்கிறவங்களுக்குன்னு இன்டர்நெட்ல ஒரு மன்றம் இருந்துச்சு. ஒம்பதாயிரம் பேர். ஆரம்பிச்சு நடத்தினவங்க பூங்காவனம். கொளத்தூர் பக்கம் சிமென்ட் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்க்கிறவங்க. எல்லாரும் டீச்சர்னு கூப்பிடுவாங்க. எந்தப் பள்ளிக்கூடத்துலயும் வேலை பார்த்ததில்ல.

சபாபதி அவங்களை விடப் பதினாலு வயசு மூத்தவர். கவர்மென்ட் ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவர். முதல் தொட்டி வாங்கின அன்னிக்கே பன்னெண்டு மீனைச் சாகடிச்சிட்டு டீச்சர்கிட்ட வந்து சேர்ந்தார். நாலு வருஷமா சிஷ்யர்.

இன்னொரு சிஷ்யை மர்லியா. காயல்பட்டினத்துப் பொண்ணு. வந்து ஒன்றரை வருஷம்தான். டீச்சர் அவளை "மர்லி"ம்பாங்க. சபாபதியை "சார்"ம்பாங்க. நாலு வருஷத்துல ஒரு நாள் கூட அது மாறல. சபாபதி அதை யார்கிட்டயும் சொன்னதில்ல. மறந்ததும் இல்ல.

ரெண்டு பேரும் துணை நிர்வாகிங்க. பதிவை நீக்க, ஆளை வெளியேத்த, ரெண்டு பேர் கையிலயும் பட்டன் உண்டு.

ஒரு தடவ, டீச்சர் வளர்த்த மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் இருக்குன்னு ஒருத்தர் மன்றத்துல எழுதினார். டீச்சருக்குக் கோவம் வந்துடுச்சு. ஆளை வெளியேத்திட்டாங்க. அடுத்த வாரம் அவங்க தொட்டி மீன்ல பாதி, வெள்ளைப்புள்ளி வந்து செத்துப்போச்சு. அந்த ஆளைத் தேடிப் பிடிச்சு, மன்னிப்புக் கேட்டு, திரும்பச் சேர்த்தாங்க.

அப்புறம் சிஷ்யங்க ரெண்டு பேருக்கும் சொன்னாங்க.

"ஞாயித்துக்கிழமையோட நான் விலகிக்கிறேன். உங்கள்ல ஒருத்தர் தலைமை. அதுக்கு முன்னாடி நிர்வாகி கையைக் கட்டுற மாதிரி ஒரு சட்டம் வேணும். ஆளுக்கு ஒண்ணு எழுதுங்க. போன்ல விரலால தள்ளாம, ஒரே திரையில படிச்சு முடிக்கணும்."

ஞாயித்துக்கிழமை காலையில சபாபதி வந்தார். டீச்சர் தொட்டிக்குத் தண்ணி மாத்திக்கிட்டு இருந்தாங்க.

"மர்லியா வந்துட்டாளா?"

"போன்லயே அனுப்பிட்டா."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

சபாபதி முகம் சின்னதாச்சு. பையிலேர்ந்து நாலு பக்கம் எடுத்தார். பிரிண்ட் போட்டு, ஓட்டை குத்தி, டேக் கட்டியிருந்தார்.

"ஒரு திரைன்னேனே சார்."

"எழுத்தைச் சின்னதாக்கினா அடங்கும் டீச்சர்."

"எனக்கு வெள்ளெழுத்து. நீங்களே வாசிங்க."

முதல் ரெண்டு பக்கத்துக்குத் தலைப்பு, தலைமை நிர்வாகி. சபாபதி கணீர்னு வாசிச்சார். "எந்தப் பதிவையும் நீக்கலாம். தேவைப்படின் எந்த உறுப்பினரையும் வெளியேற்றலாம். உரிய காரணம் இருப்பின் விதிகளைத் திருத்தலாம்."

"உரிய காரணமா இல்லையான்னு யாரு பார்க்கிறது?"

"தலைமை நிர்வாகி முடிவு செய்யலாம். ஒம்பதாவது விதி."

"அடுத்த ரெண்டு பக்கம்?"

"துணை நிர்வாகி." இங்க சபாபதி குரல்ல ஒரு சந்தோஷம் வந்துச்சு. "எந்தப் பதிவையும் நீக்கக் கூடாது. எவரையும் வெளியேற்றக் கூடாது. கருத்து கேட்கப்பட்டாலன்றித் தெரிவிக்கக் கூடாது."

"முதல் ரெண்டு பக்கம் பூரா லாம். அடுத்த ரெண்டு பக்கம் பூரா கூடாது."

"ஆபீஸ்ல அப்படித்தான் டீச்சர் எழுதுவோம்."

டீச்சர் கையைத் துடைச்சிக்கிட்டாங்க. அவர் சட்டைப்பையிலேர்ந்து பேனாவை எடுத்தாங்க. லாம் பக்கத்துல, தலைப்புக்குக் கீழ, மர்லியான்னு எழுதினாங்க. கூடாது பக்கத்துல சபாபதின்னு எழுதினாங்க. பேனாவைத் திரும்பப் பையிலயே சொருகினாங்க.

"இப்ப வாசிங்க."

சபாபதி மனசுக்குள்ள வாசிச்சார். எந்த உறுப்பினரையும் வெளியேற்றலாம்ங்கிற இடம் வந்ததும் நின்னுட்டார். முதல்ல யாரு போவாங்கன்னு அவருக்குத் தெரியும்.

"டீச்சர், இது ரொம்ப ஆபத்தான சட்டம்."

"இப்பதானே கணீர்னு வாசிச்சீங்க."

சபாபதி தாளை மடிச்சார். திரும்பப் பிரிச்சார்.

"அந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கா?"

டீச்சர் போனை நீட்டினாங்க. அஞ்சு வரி. தள்ள வேண்டிய வேலையே இல்ல. அதுவே அவருக்கு எரிஞ்சுச்சு.

வாய்விட்டு வாசிச்சார். "தலைமை நிர்வாகி தன்னைக் குறை சொல்ற பதிவை நீக்கக் கூடாது." போன மாசம், "சார், உங்க தொட்டியில இருக்கிறது மீனா ஸ்டிக்கரா?"ன்னு ஒருத்தன் கேட்டிருந்தான். அந்தப் பதிவை அவர்தான் நீக்கினார்.

"தன்னோட பதிவை மன்றத்து உச்சியில ஒட்டி வைக்கக் கூடாது." அவரோட காலை வணக்கம், போட்டோவோட, ஏழு மாசமா அங்கதான் இருக்கு.

"காரணத்தை எல்லாரும் பார்க்க எழுதாம யாரையும் வெளியேத்தக் கூடாது. வெளியேத்தப்பட்டவங்க பதில் சொல்ற வழியை அடைக்கக் கூடாது. மன்றத்தைக் கேக்காம இதுல ஒரு எழுத்தைக் கூட மாத்தக் கூடாது."

"ஒரு லாம் கூட இல்லையே," அப்படின்னார். குத்தம் கண்டுபிடிச்ச மாதிரிதான் சொன்னார். டீச்சர் தலையாட்டினாங்க.

"இது பூரா என்னைப் பத்தி."

"ஆமா."

"அஞ்சுமா?"

"அஞ்சும். நீங்கதான் தலைமைன்னு நெனச்சு எழுதியிருக்கா. நீங்களும் அப்படித்தான் நெனச்சு எழுதியிருக்கீங்க. அந்த ஒரு விஷயத்துல ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு."

சபாபதி போனைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் மனசுல இருந்ததைச் சொல்லிட்டார்.

"உங்களுக்கு அவளைத்தான் டீச்சர் பிடிக்கும்."

"இருக்கலாம். ஆனா அவளுக்கு உங்களைப் பிடிக்கல. அதனாலதான் இவ்வளவு நல்லா எழுதியிருக்கா."

"உங்களுக்கு இது சிரிப்பா இருக்கு."

"கொஞ்சம்."

"சரி. அவ சட்டத்தையே வச்சுக்கோங்க. அவளையே தலைமையாக்கிடுங்க. நான் வர்றேன்." எழுந்துட்டார். டேக் கட்டின நாலு பக்கத்தையும் பைக்குள்ள திணிச்சார்.

"சட்டம் அவளோடது. தலைமை நீங்க."

சபாபதி சரியாக் காதுல விழலையோன்னு நெனச்சார்.

"நானா?"

"நீங்கதான் சார். இன்னிக்கு சாயங்காலம் மன்றத்துல அறிவிச்சிடறேன். அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"ஏன்னு கேட்டா."

"நானும் அதைத்தான் கேக்கறேன். என்னை ஏன் டீச்சர்?"

டீச்சர் அடுத்த தொட்டிக்குக் குழாயை மாத்தினாங்க.

"இந்தச் சட்டம் உங்களைத் தாங்கிடுச்சுன்னா, உங்களுக்கப்புறம் யாரு வந்தாலும் தாங்கும்."