கலப்பில்லாத கிராஃபைட்

கரி எல்லாம் ஒரே கரி இல்லை. அதன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் எடை பன்னிரண்டு. நூற்றில் ஒன்று மட்டும் பதின்மூன்று. அந்தக் கனத்த ஒன்றை விலக்கி கிராஃபைட் செய்தால் சூடு அதில் தங்குதடையில்லாமல் ஓடும்.

அதைச் செய்தே தீருவது என்று காசிலிங்கம் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட இளையவரான டாக்டர் ஹபீபாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

பன்னிரண்டு மட்டும் இருக்கும்படி பிரித்தெடுத்த கரிவாயுவை உலைக்குள் செலுத்தி, சூட்டில் கரியாகப் படியவைப்பார். எடுத்துச் சோதித்தால் பதின்மூன்று எங்கிருந்தோ வந்து கலந்திருக்கும்.

தன் உடம்போடுதான் வெளிக்கரி உள்ளே வருகிறது என்று முடிவு கட்டிவிட்டார் மனுஷன். தலைக்கு எண்ணெய் கிடையாது. தாளித்த சாப்பாடு கிடையாது. கடைசியில், பிறந்த பெண்குழந்தையைத் தூக்குவதையும் விட்டார். அதற்குத் தடவும் எண்ணெயும் கரிதானாம். ஆய்வகத்திலேயே படுத்துக்கொண்டு, போனில் அதன் அழுகையைக் கேட்டுத் தானும் அழுவார், பாவம்.

அன்றைக்கும் கலப்புதான்.

"இன்னும் நான் எதை விடணும் மேடம்?"

ஹபீபா உலைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கரி படியற தட்டு எதுல செஞ்சது?"

"கிராஃபைட்."

"எந்த கிராஃபைட்?"

காசிலிங்கம் தட்டைப் பார்த்தார். அது கடையில் வாங்கிய சாதாரண கிராஃபைட், பதின்மூன்று கலந்தது.

"அட கடவுளே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"முதல்ல நாம பிரிச்ச கரியாலயே தட்டுக்கு ஒரு பூச்சு கொடுத்துடுங்க. சரியாயிடும்."

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. காசிலிங்கத்தின் மனைவி வடிவு குழந்தையோடு இறங்கினாள். வரச்சொன்னது ஹபீபாதான்.

காசிலிங்கம் பின்னால் நகர்ந்தார்.

"ஒரு தடவை சுத்தமா வந்துடட்டும் மேடம். அப்புறம் தூக்கிக்கறேன்."

"இவருக்குத் தூக்கவே மறந்திருக்கும்" என்றாள் வடிவு. சிரிக்கத்தான் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது.

ஹபீபா குழந்தையை வாங்கி காசிலிங்கத்தின் மார்பில் சாய்த்தார். அது அவருடைய சட்டைப் பொத்தானைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. காசிலிங்கம் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார்.

"இவகிட்டயும் பதின்மூணு இருக்கே மேடம்."

"இருக்கு. நூத்துல ஒண்ணு" என்றார் ஹபீபா. "அதை எடுத்துட்டு மிச்சத்தைக் கொஞ்சுவீங்களா?"