ஆமை தன்னைக் கூப்பிட்ட நாள்

காட்டோரக் குட்டை ஒன்றில் ஓர் ஆமை இருந்தது. எல்லா வேலைக்கும் அதற்கு ஆள் உண்டு. பறந்துபோய்ச் சேதி கொண்டுவரக் கொக்கு, குழி பறிக்க நண்டு. "நண்டண்ணே!" என்றால் போதும், வேலை முடிந்துவிடும். வல்லவன் இருக்கும்போது நம் கட்டை நகம் எதற்கு என்று ஆமை சும்மா இருந்துவிடும்.

அந்தக் கோடையில் குட்டை வற்றியது. கொக்கு பறந்துவிட்டது. நண்டும் ஆற்றுப் பக்கம் போய்விட்டது, ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. மிஞ்சியது ஆமையும், கையகலச் சேற்றில் துடித்த ஒரு கெண்டை மீனும்தான்.

"ஆமையக்கா, பக்கத்துல ஒரு குழி பறிச்சாத் தண்ணி ஊறும், நான் பொழைச்சுக்குவேன்," என்றது கெண்டை.

"இதோ, நண்டைக் கூப்பிடுறேன்."

கூப்பிட்டது. விடியலில் கூப்பிட்டது, உச்சிவெயிலில் கூப்பிட்டது, பொழுது சாயும்போதும் கூப்பிட்டது. அவ்வளவு பெரிய காட்டில் தன் குரல் தனக்கு மட்டுமே கேட்பது எவ்வளவு கொடுமை!

மறுநாள் பழைய வளை ஒன்றில் நண்டின் கால் தெரிந்தது. "வந்துட்டீங்களா அண்ணே!" என்று ஆமை விழுந்தடித்து ஓடியது, ஆமையால் ஓட முடிந்த அளவுக்கு. தொட்டதும் அது உருண்டது. நண்டு என்றைக்கோ கழற்றிப் போட்ட வெற்று ஓடு. உள்ளே மணல்தான் இருந்தது. ஆமை அதன் பக்கத்திலேயே வெகுநேரம் கிடந்தது.

கெண்டையின் குரல் ஈனமாக வந்தது. "நாள் முழுக்க நண்டைக் கூப்பிட்டீங்க. உங்களைக் கூப்பிட்டீங்களா அக்கா?"

"எனக்கு நண்டு மாதிரிப் பறிக்க வராதே."

"நண்டு மாதிரி யாரு கேட்டா? என் உடம்பு முழுகினாப் போதும்."

ஆமை தன் காலைப் பார்த்தது. பிறகு வெட்கத்தோடு, "ஆமையே," என்று கூப்பிட்டது.

"இருக்கேன்," என்று தானே சொல்லிக்கொண்டது. இவ்வளவு நேரம் கூப்பிட்டதற்கு அதற்குக் கிடைத்த முதல் பதில் அதுதான்.

நகம் தேயத் தேயப் பறித்தது. கோணல் மாணலாக ஒரு குழி விழுந்தது. அடியில் தண்ணீர் கசிந்தது. கெண்டை அதில் சரிந்து விழுந்து மூச்சு விட்டது.

மழைக்குப் பிறகு நண்டு திரும்பியது. "இந்தக் கோணல் குழியை யாரு பறிச்சது?" என்று சிரித்தது.

"நான்தான்," என்றது ஆமை. "நல்ல குழி வேணும்னா இனியும் உங்களைத்தான் கூப்பிடுவேன் அண்ணே. நீங்க இல்லாத அன்னைக்கு என்னைக் கூப்பிட்டுக்குவேன்."

வல்லவர் அருகில் இருந்தால் அவரை அழைக்கலாம்; எவரும் இல்லாத நாளில் நம்மிடம் உள்ள அரைகுறைத் திறமையே உயிர் காக்கும்.