மிஸ் ஃபுளோராவின் இடுப்பு

ஏழாவது எட்வர்டு சக்கரவர்த்தி லண்டனில் கொலுவிருந்த காலத்தில், இங்கே வடகரும்பனூர் சமஸ்தானத்தில் சேதுரங்க பூபதி ராஜா கொலுவிருந்தார். சக்கரவர்த்திக்கு உலகத்தில் பாதி சொந்தம். நம் ராஜாவுக்குச் சில ஊர்களும், ஒரு கிழட்டு யானையும், ஒரு ஆல்பமும் சொந்தம். ஊர்களையும் யானையையும் அவர் மறந்தே போனார். ஆல்பமே கதி என்று கிடந்தார்.

ஆல்பம் முழுக்க லண்டன் நாடகக்காரிகளின் தபால் கார்டுப் படங்கள். தலையில் முறம் அகலத்துக்குத் தொப்பி, கழுத்தில் முத்துச் சரம், சொக்கிப்போன கண். எல்லாவற்றுக்கும் மேலே அந்த இடுப்பு! ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். அந்த அம்மாக்கள் சாப்பிடும் சோறு எந்த வழியாக இறங்குகிறதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

அரண்மனை விகடர் உமையொருபாகம் பிள்ளை அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவருக்கு நல்ல வழுக்கை, நடைக்கு முன்னால் போகும் தொந்தி, முறுக்கிவிட்ட மீசை. "இவ்வளவு லட்சணமும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறது. என்னை ஒரு பயல் கார்டில் போட்டானா?" என்பார்.

ராஜாவின் காரியதரிசி சபாரத்தினம் ஆறு மாதம் லண்டனில் இருந்துவிட்டு வந்தவர். எந்தக் கார்டை நீட்டினாலும், "இவளா? முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேனே!" என்பார். அவருக்கு வேண்டிய ஒரு நாடகக் கம்பெனி பட்டணத்தில் இருந்தது. அதை அரண்மனைக்குள் கொண்டுவர வேண்டுமானால், அரங்கத்தில் பாடி நடிக்கும் மரகதவல்லி வெளியே போயாக வேண்டும். அவளுக்கு இடுப்பே இல்லை என்று ராஜாவின் காதை மெல்லக் கடித்தார்.

மறுநாளே உத்தரவு பிறந்தது. "நவராத்திரி நாடகத்தில் மரகதவல்லி இந்தப் படத்தில் உள்ள இடுப்போடு வர வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்டட்டும்!"

பாவம் அந்தப் பெண். பழைய வேட்டியைக் கிழித்து இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தாள். பல்லவி தாண்டுவதற்குள் முகம் நீலம் பாரித்துவிட்டது. மேலே எட்ட வேண்டிய சுரம் தொண்டையிலேயே செத்தது. பிள்ளையிடம் ஓடிவந்து அழுதாள்.

"அண்ணாச்சி, மூச்சு விட்டா வேலை போகுது. வேலையைப் பிடிச்சா மூச்சு போகுது. நான் என்ன செய்வேன்?"

"நீ மூச்சு விடு தாயி. இடுப்பு விஷயத்தை என்னிடம் விடு. அதில் நான் கெட்டிக்காரன் என்று பார்த்தாலே தெரியவில்லையா?"

அழுத முகம் சிரித்துவிட்டது. பிள்ளை நேரே படம் பிடிக்கும் ஞானாதிக்கத்திடம் போய், ஒரு தபால் கார்டை நீட்டினார். "இது எப்படி ஐயா சாத்தியம்?"

"இதா? படம் விழுந்த கண்ணாடித் தகட்டிலே இடுப்புக்கு ரெண்டு பக்கமும் கத்தியால சுரண்டிட்டா, மிச்சச் சதை பின்னால இருக்கிற கறுப்புத் திரையோட திரையாப் போயிரும். கன்னத்துச் சுருக்கத்துக்குப் பென்சில்."

பிள்ளையின் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வாடியது. கை தானாக மீசைக்குப் போனது. இருபது வருஷம் நெய் தடவி வளர்த்த மீசை! என்ன செய்வது, போயிற்று.

மரகதவல்லியின் நாடகப் பெட்டியிலிருந்து வெள்ளைக்காரி கவுனும், சுருள் முடியும், மயில் இறகுத் தொப்பியும் வந்தன. பிள்ளை போட்டுக்கொண்டபோது, கவுன் முதுகுப் பக்கம் ஒரு முழம் சேரவில்லை. அவள் பின்னால் ஒளிந்து கயிறு போட்டு இழுத்துப் பிடித்தாள்.

"அண்ணாச்சி, இடுப்பு எங்கே இருக்கு?" என்று கேட்டார் ஞானாதிக்கம்.

"இருந்த இடம் எனக்கே மறந்துபோச்சு. நீரே பார்த்து ஒன்று வைத்துவிடும்!"

இரண்டு நாள் கழித்துப் பிள்ளை சபைக்கு வந்தார். மூக்குக்குக் கீழே துண்டால் கட்டு. பல்வலியாம்.

"மகாராஜா, புதுக் கார்டு ஒன்று அகப்பட்டது" என்று நீட்டினார். அடியில், 'மிஸ் ஃபுளோரா பெல்' என்று அச்சிட்டிருந்தது.

ராஜா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அடடா! இதுவல்லவா இடுப்பு! இந்தக் கண்ணில் என்ன ஒரு சோகம்!"

மீசை போன சோகம் என்று பிள்ளை சொல்லவில்லை. ராஜா தம் கையாலேயே அதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் செருகினார். "இவள் மட்டும் என் எதிரில் வந்து நின்றால், கேட்டதைக் கொடுப்பேன்! சபாரத்தினம், இவளைத் தெரியுமா?"

"நன்றாகக் கேட்டீர்கள்! இவள் ஆடினால் மேடையில் பூ விழுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் நாடகம் முடிந்ததும் தன் கையாலேயே எனக்கு ஒரு ரோஜாப்பூ கொடுத்தாள்."

பிள்ளை துண்டை அவிழ்த்தார். மொட்டை உதட்டைக் கண்டு ராஜா பதறிவிட்டார். "ஐயோ, மீசையை எடுத்துவிட்டீரே! வீட்டில் யார் தவறினார்கள்?"

"மிஸ் ஃபுளோராதான், மகாராஜா. இதோ, எதிரில் வந்து நிற்கிறாள்."

இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து, படத்தில் இருந்தபடியே நின்றார். ராஜா படத்தைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்த இடுப்பு..?"

"ஞானாதிக்கத்தின் கத்தி கொடுத்தது. லண்டன் அம்மாக்களுக்கும் இப்படி ஒரு புண்ணியவான் இருப்பான். மகாராஜா கேட்டதைக் கொடுப்பதாகச் சொன்னீர்கள். மரகதவல்லி மூச்சு விட்டுப் பாடட்டும். மிஸ் ஃபுளோரா கேட்பது அவ்வளவுதான்."

"கொடுத்தேன்!" என்ற ராஜா, கண் சிவக்கத் திரும்பினார். "சபாரத்தினம்! பூ விழுந்ததா? இந்த உடம்பு ஆடினால் மேடையல்லவா விழும்! உன்னை என்ன செய்யலாம்?"

சபாரத்தினம் காலில் விழாத குறை. பிள்ளை குறுக்கே வந்தார்.

"இவரை மன்னித்துவிடுங்கள் மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். அந்த ரோஜாப்பூ விஷயம் மட்டும் என் வீட்டுக்காரி காதுக்குப் போகக் கூடாது. மீசை போனதற்கே நேற்று எனக்குச் சோறு இல்லை. லண்டனில் இவருக்குப் பூ வேறு கொடுத்தேன் என்று தெரிந்தால், நான் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவேன்?"

ராஜா சிரித்த சிரிப்பில் ஆல்பம் மடியிலிருந்து நழுவி விழுந்தது. பிள்ளைக்கு ஒரு ஜோடி சரிகை வேட்டி பரிசு. மிஸ் ஃபுளோராவுக்கு, தனியாக, ஒரு முழம் மல்லிகைப்பூ.