டன்முரோ சர்ச்சு மணி

ஒரு ஊர்ல ஒரு மணி இருந்துச்சாம். ஊரு பேரு டன்முரோ. ஸ்காட்லாந்துல, மலையடிவாரத்துல, கையகல ஊரு. பூமியைத் தோண்டி நிலக்கரி எடுக்கிறதுதான் அங்க பொழப்பு. எங்கே, "ம்" சொல்லு. சொல்லாட்டி நான் என் பாட்டுக்கு எழுந்து போயிடுவேன்.

"ம்."

அந்த மணி சுரங்க வாசல்ல தொங்குச்சு. ஆளுங்க சுரங்கத்துக்குள்ள கூண்டுல ஏறி இறங்குறதுக்கு அதுதான் சட்டம். ஒரு அடி அடிச்சா நில்லு. ரெண்டு அடிச்சா கீழ இறங்கு. மூணு அடிச்சா மேல வா. பொம்பளைங்க, குழந்தைங்க, தெருநாய் வரைக்கும் அதுக்கே பழகிப்போச்சு.

அப்புறம், மலை மேல ஒரு சர்ச்சு. அங்க ஃபெர்கஸ்னு ஒரு பாதிரியார், பட்டணத்துலேர்ந்து புதுசா வந்தவர். மேலிடத்துல அவர்கிட்ட கறாரா சொல்லிட்டாங்க. "ஞாயித்துக்கிழமை எங்க பெரியவர் ஒருத்தர் பார்வையிட வருவார். கூட்டம் இல்லேன்னா சர்ச்சைப் பூட்டிடுவோம். கல்யாணமோ சாவோ, உங்க சனம் மலையைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போகட்டும்." பாவம் பாதிரியார், சனத்தைக் கூப்பிட ஒரு வழி யோசிச்சார். சர்ச்சுக்குன்னு புத்தம்புது மணி வாங்கி மாட்டினார்.

ஞாயித்துக்கிழமை ஒரே பனி. பெரியவர் முன் பெஞ்சுல உம்முனு உக்காந்தாச்சு. ஊர்சனம் குளிச்சுக் கிளம்பி பாதி மலை ஏறிடுச்சு. அப்போ பாதிரியார் கம்பீரமா கயிறை இழுத்தார். டாங்!

அவ்வளவுதான். அத்தனை பேரும் அப்படியே நின்னுட்டாங்க. மொராக்னு ஒரு குண்டம்மா, தூக்கின கால் தூக்கினபடி! "ஏம்மா நிக்கிறோம்?"னு அவ பொண்ணு கேட்டா, "வாயை மூடுடி, மணி அடிச்சிருக்கு"ங்கிறா.

பாதிரியார் எட்டிப் பார்த்தார். "காதுல விழலை போல." மறுபடி இழுத்தார். டாங், டாங்! போச்சு. மொத்த ஊரும் திரும்பி தடதடன்னு கீழ இறங்குது. சும்மா சிரிக்காதே, இருமல் வரும்.

பெரியவர் தொப்பியை எடுத்துக்கிட்டார். "பூட்டிட வேண்டியதுதான்." பாதிரியாருக்கு அழுகையே வந்துடுச்சு. "போகாதீங்கய்யா!"ன்னு ஓடினவர் மணிக்கயித்துல கால் மாட்டி தொபுக்கடீர்! டாங். எழுந்திருக்கக் கயித்தைப் பிடிச்சார், டாங். வழுக்கி மறுபடி தொங்கினார், டாங்.

"மூணு!"

ஆமாண்டி, மூணு! அப்புறம் என்ன, ஊரே திடுதிடுன்னு மேல ஏறி வந்துடுச்சு. உள்ள நிக்க இடமில்லை. பெரியவர் மடியிலேயே ரெண்டு குழந்தைங்க. "ஏம்மா இவ்வளவு நேரம்?"னு பாதிரியார் மூச்சு வாங்கினார். மொராக்குக்கு வந்துச்சே கோவம்! "நில்லுன்னீங்க, நின்னோம். இறங்குன்னீங்க, இறங்கினோம். இந்தக் குளிர்ல மனுஷங்களை இப்படியா அலைக்கழிப்பீங்க?"

பெரியவருக்குச் சிரிப்பு தாங்கலை. "சொன்ன பேச்சைக் கேக்குற இப்படி ஒரு சபையை நான் எங்கேயும் பார்த்ததில்லைப்பா"ன்னுட்டு, பூட்டாமலே போயிட்டார்.

அன்னிலேர்ந்து அந்த சர்ச்சுல எப்பவும் மூணு அடிதான். கல்யாணத்துக்கு மூணு, பண்டிகைக்கு மூணு. ரொம்ப வருஷம் கழிச்சு மொராக் செத்துப்போனா. மத்த ஊர்ல சாவுக்கு ஒத்தை மணிதான் அடிப்பாங்க. பாதிரியார் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவளுக்கும் மூணு அடிச்சாராம். ஏன்னு கேட்டதுக்கு, "ஒண்ணு அடிச்சா பாதி வழியிலயே நின்னுடுவா. அவ மேல போகணும்ல"ன்னாராம்.

எங்கே "ம்"மைக் காணோம்? அடி கள்ளி, தூங்கிட்டியா? சரி, என் கதை தீர்ந்துச்சு, இனிமே உன் கனவு, தூங்கு.