வாசலில் வாங்குபவர்

தேவசகாயம் முப்பது வருடம் டி.வி. பழுது பார்த்தவர். கடையை மூடியபின், ஐம்பத்தொன்பதாவது வயதில், நகரத்தின் தென்கோடியில் இருந்த மின்கழிவு சேகரிப்பு மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மையத்தின் பொறுப்பாளர் பொற்கொடி. அவளுக்கு முப்பத்திரண்டு வயது. முதல் நாள் பயிற்சி கொடுத்தவள் என்பதால் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

பேட்டரி முனைகளில் டேப் ஒட்டுவது, டியூப் லைட்டை உடையாமல் அட்டைப்பெட்டியில் வைப்பது, உப்பிய பேட்டரியை மணல் வாளியில் தனியே போடுவது எல்லாவற்றையும் அவள் சொல்லிக் கொடுத்தாள்.

"இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான், டீச்சர். தெரியாததைக் கத்துக்கொடுங்க" என்றார் தேவசகாயம்.

பொற்கொடி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டாள்.

"பத்து நாள் இங்க உக்காருங்க, அண்ணாச்சி. ஜனங்க கொண்டு வர்றதை வாங்குங்க."

"இது வாட்ச்மேன் வேலையில்லா?"

அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

நான்காம் நாள் காலையில் சுகந்தி என்ற பெண் வந்தாள். ஈரத் துண்டில் சுற்றிய எதையோ உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். பிரித்தால் ஒரு பவர் பேங்க். மூடி பிளந்துகொள்ளும் அளவுக்கு உப்பியிருந்தது.

"மக தலையணைக்கு அடியில கிடந்துச்சு, சார். கொதிச்சுது. அதான் தண்ணியில நனைச்சு..."

தேவசகாயத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"தலையணைக்கு அடியிலயா? பிள்ளை படுக்கிற இடத்துல இதை வச்சு சார்ஜ் போடுவாங்களா? போதாததுக்கு ஈரத்துணி வேற! அறிவு வேண்டாமா? இப்படிக் கொண்டாந்தா வாங்க முடியாது."

வரிசையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுகந்தி துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு தலைகுனிந்து நடந்தாள்.

பதினோரு மணிக்குப் பொற்கொடி டீ கொண்டுவந்து கொடுத்தாள். தேவசகாயம் நடந்ததைச் சொன்னார். நன்றாக உறைக்கிற மாதிரி சொல்லி அனுப்பியதாகவும் சொன்னார்.

"பவர் பேங்க் எங்க, அண்ணாச்சி?"

"அது... அவளே கொண்டு போயிட்டா."

பொற்கொடி தன் டீயைக் கீழே வைத்தாள். மணல் வாளியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "ஏறுங்க. எந்தத் தெருன்னு சொன்னாங்களா?"

"தண்ணி டேங்க் தெருவுன்னு வரிசையில பேசிக்கிட்டிருந்தா."

தெருமுனைக் கடையில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தார்கள். சுகந்தி கதவைத் திறந்தாள். தேவசகாயத்தைப் பார்த்ததும் பாதிக் கதவை மூடினாள்.

"அக்கா, உங்க மேல யாருக்கும் கோபமில்ல" என்றாள் பொற்கொடி. "அது இப்ப எங்க இருக்கு? அதை மட்டும் சொல்லுங்க."

சுகந்தியின் கண் நிறைந்துவிட்டது. "வீட்டுல வச்சுக்கப் பயமா இருந்துச்சு. அங்கயும் வாங்க மாட்டேன்னுட்டாங்க. குப்பை லாரி வந்துச்சு. காய்கறிக் குப்பையோட போட்டுட்டேன்."

லாரி போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது. அது குப்பையை நசுக்கி அடைக்கிற லாரி. பொற்கொடி டிரைவருக்குப் போன் செய்தாள். "அழுத்தாதீங்க! மெஷினை நிறுத்துங்க!" லாரிக்குள்ளிருந்து புகை வருவதாக மறுமுனையில் டிரைவர் சொன்னார். அவள் முகம் மாறியது. "வீடு இல்லாத இடமா பாத்துக் கொட்டிட்டுத் தள்ளி நில்லுங்க. தீயணைப்புக்கும் சொல்லிடுங்க. வர்றோம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது, புறவழிச்சாலை ஓரத்துப் பொட்டலில் குப்பை மலையாகக் கொட்டிக் கிடந்தது. நடுவிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டிருந்தது. லாரியில் இருந்த மூன்று பேரும் தூரத்தில் நின்றார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பொற்கொடி காற்று வரும் பக்கமாகப் போய் நின்று மணலை வீசினாள். வாளி காலியானதும் தேவசகாயம் பொட்டல் மணலைக் கையால் வாரி வாரி நிரப்பிக் கொடுத்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். ஒரு கொழுந்து எகிறி, அவளுடைய கையுறைக்கு மேலே மணிக்கட்டைத் தொட்டுவிட்டுப் போனது. அவள் பின்னால் நகர்ந்து, கையை உதறிக்கொண்டு, இன்னும் இரண்டு வாளி மணல் போட்டாள். தீயணைப்பு வண்டி வந்தபோது புகை அடங்கியிருந்தது.

மறுநாள் காலை அவள் கட்டுப் போட்ட கையோடு வந்தாள். தேவசகாயம் வாசல் நாற்காலியில் உட்காராமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரவு அவர் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"திட்டிடுங்க, டீச்சர். நேத்திலிருந்து நீங்க ஒரு வார்த்தை சொல்லல."

"எதுக்குத் திட்டணும்?"

"நான் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. எல்லாமே சரி."

அவர் அவள் கையில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"நீங்க இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"நல்லவேளை கொண்டு வந்தீங்க, அக்கான்னு சொல்லியிருப்பேன்."

"அப்போ அவ செஞ்ச தப்பை?"

பொற்கொடி வலிக்காத கையால் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"சொல்லலாம், அண்ணாச்சி. முதல்ல கையில வாங்கிக்கிட்டு."