முதுகுப் பக்கம்

"நல்லா படம் எடுக்கக் கத்துக்குடுங்க மேடம். துணி வாங்கினவங்க எல்லாம் திருப்பி அனுப்பிடறாங்க," என்றார் மகிமைதாஸ்.

அவர் மேடம் என்று கூப்பிட்ட ஷெரீபாவுக்கு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. தெருவில் போகிற வருகிறவர்களைப் படம் எடுப்பதில் பெயர் வாங்கினவள். கல்யாண வீடுகளில் கேமரா பிடித்தே தலை நரைத்த மனுஷன், வெட்கத்தை விட்டு அவளிடம் வந்து நின்றார். வேறு என்னதான் செய்வார், பாவம்!

அவர் மனைவி சலோமி கையாலேயே குர்தா தைப்பவள். கழுத்தோரம் பூவேலையும் அவள் கைதான். அதை அவளுக்கே போட்டுத் தெருவில் நிறுத்திப் படம் எடுத்து, இவர் இன்ஸ்டாகிராமில் போடுவார். ஆர்டர் வரும். போன வேகத்தில் பார்சல் திரும்பியும் வரும்.

"என் கை கெட்டுப் போச்சுங்க. இனிமே ஊசியைத் தொடமாட்டேன்," என்று நேற்று சலோமி உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மனுஷன் கிளம்பி வந்தது.

"திருப்பி அனுப்பறவங்க என்னண்ணா சொல்றாங்க?"

"படத்துல பாத்தது வேற, வந்தது வேறன்னு சொல்றாங்க. அநியாயம் மேடம்! ரெண்டும் ஒரே துணிதான்."



"என் எதிர்லயே ஒரு படம் எடுங்க, பாக்கறேன்," என்றாள் ஷெரீபா.

மறுநாள் புரசைவாக்கத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. பூட்டிக் கிடந்த ஒரு கடை வாசலில் சலோமி நின்றாள். காலையிலிருந்து நிற்கிறாள். முகம் வாடிக் கிடந்தது.

"மூச்சை இழுத்துப் பிடி. கையைத் தூக்காதே. அசையாதே!"

ஆட்டோ ஹாரன் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே மகிமைதாசுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"அக்கா, கொஞ்சம் திரும்பி நில்லுங்க," என்றாள் ஷெரீபா.

சலோமி திரும்பினாள். முதுகில் மேலிருந்து கீழ்வரை துணி கிளிப்புகள். குர்தாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றன.

"முன்னாடி சிக்குனு தெரியணும்ல மேடம்," என்றார் மகிமைதாஸ். "கல்யாணப் பொண்ணுக்கே இப்படித்தான் மாட்டுவோம். முதுகு எங்க படத்துல வரப்போவுது?"

ஷெரீபா கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"ஐயையோ, தொளதொளன்னு ஆயிடும்!"

"ஆகட்டும்."

குர்தா தளர்ந்து விரிந்தது.

"அப்பாடா," என்று சலோமி மூச்சு விட்டாள். அப்படியே கடைப் படியில் உட்கார்ந்தாள். ஒரு காலை மடக்கிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி, அவிழ்ந்திருந்த கொண்டையை முடிந்தாள். துணி எங்கேயும் இழுக்கவில்லை.

உட்காராதே, மடிப்பு விழும் என்று சொல்லத்தான் மகிமைதாஸ் வாயைத் திறந்தார். கையில் கிளிப்புகள் குத்தின.

சலோமி மடியில் கிடந்த துணியைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் தைச்சது இதுதாங்க. இதை நீங்க ஒரு தடவைகூட எடுத்ததே இல்லையே."