வாசகசாலைக்குத் தலைவாரிய கதை

ஆவாரங்குளம் வாசகசாலைக்குத் தலைவர் தெய்வசிகாமணி, செயலாளர் அங்கமுத்து, உறுப்பினர் பொன்னுரங்கம். அவ்வளவுதான் சங்கம். மூவரின் மூளையையும் கூட்டிக் கட்டினாலும் ஒரு ஆளுக்குத் தேறாது. ஆனாலும் தங்கமான மனிதர்கள்.

ஒருநாள் ஒன்றியத்து அதிகாரி வந்து பார்த்தார். மூலைக்கு மூலை பழைய பேப்பர், டீ கிளாஸ், வாழைப்பழத் தோல், தலைக்கு மேல் ஒட்டடை.

"ரொம்ப அன்கெம்ப்ட்டா இருக்கேய்யா. வெள்ளிக்கிழமை வருவேன். இப்படியே கிடந்தா பூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார்.

பூட்டிவிட்டால் ஓசிப் பேப்பருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஆனால் அதிகாரி சொன்ன 'அன்கெம்ப்ட்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு மூவருக்கும் அர்த்தம் தெரியவில்லை.

மேஜைக்கு முட்டுக் கொடுத்திருந்த அகராதியை உருவினார்கள். அங்கமுத்து வாசித்தார். "பொருள், ஒழுங்கில்லாத, அலங்கோலமான. வழக்கு, ஆளுக்கும் சொல்லலாம், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சொல்லலாம். சொல்லின் வேர், சீப்பால் வாராத."

"இதுல எதை எடுத்துக்கிறது?" என்றார் பொன்னுரங்கம்.

"வேரைத்தான். இலைக்குத் தண்ணி ஊத்தினா மரம் பிழைக்குமா?" என்றார் தலைவர். தீர்மானம் நிறைவேறியது.

சீப்புகள் வந்தன. விளக்குமாற்றை வாரினார்கள். தேங்காய்நார் மிதியடிக்கு வகிடெடுத்தார்கள். வாசல் புல்லுக்கு எண்ணெய் தடவிப் படிய வாரினார்கள். குறுக்கே வந்த ஆட்டையும் விடவில்லை. குப்பைக்கு முடி இல்லாததால் அதை மட்டும் தொடவில்லை.

மறுநாள் காற்றடித்து எல்லாம் கலைந்து கிடந்தது.

"தினம் வாரிக்கிட்டிருந்தா பேப்பரை எப்பப் படிக்கிறது?" என்று அங்கமுத்து நொந்துகொண்டார்.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "நம்ம பூசாரிக்கு மொட்டைத் தலை. அவர் தலை வாரலைன்னு யாராவது குறை சொன்னதுண்டா?"

"இல்லை."

"அப்ப முடி இருக்கிறதுதான் வம்பு."

சவரக்கத்தி வந்தது.

வெள்ளிக்கிழமை, அதிகாரி பெரிய பூட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாசலில் புல் இல்லை. விளக்குமாற்றில் கட்டுக்கயிறு மட்டும் இருந்தது. ஆடு குளிரில் நடுங்கியது. உள்ளே குப்பைக்கு நடுவில் மூன்று மொட்டைத் தலைகள் பளபளவென்று கைகூப்பி நின்றன.

"என்னய்யா இது?"

"இனி இங்க வாராத முடின்னு ஒண்ணுகூட இல்லீங்க" என்றார் தலைவர் பெருமையாக.

அதிகாரி பூட்டை மேஜைமேல் வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைப் பிய்த்துக்கொண்டார். அடர்ந்த சுருட்டை முடி நாலா பக்கமும் எழுந்து நின்றது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொன்னுரங்கம் அந்தப் பூட்டை எடுத்துக் கதவை உள்பக்கமாகப் பூட்டினார். அங்கமுத்து செம்பில் தண்ணீர் மொண்டார். தலைவர் நாற்காலியைத் துண்டால் தட்டி, பரிவோடு சொன்னார்:

"உட்காருங்கய்யா. உங்க ஒருத்தரால நம்ம வாசகசாலைக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாது பாருங்க."